அப்பாவின் கிட்னிக் கல்லுக்கு ஹோல்மியம் லேசரா, தூலியம் லேசரா?

செம்மண் (கோண்டாவில்):

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது, தோட்டக்காரர். வெங்காயம் கிண்டிக்கொண்டு நின்ற நேரம் இடது நாரியில் தொடங்கின நோ கவட்டுக்குள் இறங்கி, மனிசன் வரம்பிலேயே குந்திவிட்டார். சத்தியும் எடுத்தது. நாரிப்பிடிப்பு என்று எண்ணெய் பூசிக்கொண்டு படுத்தவர், இரவு சலத்தோடு இரத்தம் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்.

சி.ரி. ஸ்கானில் இரண்டு கல் காட்டியது. இடது சிறுநீர்க்கானின் (சிறுநீரகத்தில் இருந்து சலப்பைக்கு இறங்குகிற குழாய்) அடியில் 4 மில்லிமீற்றரில் ஒன்று. அது, சிறுநீர்க்கானைத் தளர்த்துகிற தம்சுலோசின் குளிசையோடு தானாகவே வெளியில் போய்விட்டது. மற்றது இன்னும் உள்ளே இருக்கிறது. இடது சிறுநீரகத்தின் கீழ்க் கிண்ணத்தில், அதாவது உள்ளே சலம் சேர்கிற அடிக் குழியில், 14 மில்லிமீற்றர். ரிப்போட்டில் 1150 ஹவுன்ஸ்ஃபீல்ட் என்று ஒரு எண்ணும் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு நீரிழிவு இருக்கிறது, அஸ்பிரினும் குடிக்கிறார்.

இங்கே சனல் பண்ணி, அதாவது தனியாகக் காசு கட்டிக் காட்டிய டொக்டர், சிறுநீர் போகிற வழியாலேயே வளையும் குழாய் விட்டு ஹோல்மியம் லேசரால் உடைக்கலாம் என்றார். கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் விசாரித்தால், ஹோல்மியம் பழசு, தங்களிடம் தூலியம் ஃபைபர் லேசர் இருக்கிறது, கல்லைத் தூளாக்கிவிடும் என்கிறார்கள். காசு வித்தியாசம் பெரிசு. ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மா, குழாயே வேண்டாம், வெளியில் வைத்தே லேசர் அடிப்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் சொல்கிறா.

தோட்டத்தில் வந்த காசைத்தான் போடப்போகிறோம். புதுசு என்பதற்காகக் கூடக் கொடுக்கத்தான் வேண்டுமா? செய்துகொண்டவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மட்டுவிலான்:

தம்பி, எனக்குப் போன வருசம் செய்தது. ஆனால் என்னுடைய கல் சிறுநீர்க்கானில் இருந்தது, 8 மில்லிமீற்றர். ஹோல்மியம்தான். முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணிச் செய்தார்கள். அடுத்த நாள் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். கல் முழுக்கப் போய்விட்டது, அதற்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை.

ஒபரேசனைவிட, சலம் தடையில்லாமல் இறங்கச் சிறுநீர்க்கானுக்குள் வைத்துவிட்ட ஸ்ரென்ட் என்கிற மெல்லிய குழாய்தான் பெரிய ஆக்கினை. சலம் போகும்போது நாரிக்குள் சுர்ரென்று ஏறும். நிமிடத்துக்கு நிமிடம் கக்கூசுக்கு ஓட வேண்டும். அதை அப்பாவுக்கு முதலே சொல்லி வையுங்கள். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, ஏதோ பிழைத்துவிட்டது என்று பயந்துபோனேன்.


வடலி (உரும்பிராய்):

தம்பி செம்மண், நான் ஓய்வுபெற்ற தாதி. வேலை செய்த காலத்தில் கனகாலம் சிறுநீரகச் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் நின்றிருக்கிறேன். லேசர் ஃபைபரைப் பிரித்து, நுனி சரி பார்த்து, டொக்டரின் கையில் கொடுக்கிற வேலை. அதை வைத்துத்தான் சொல்கிறேன். வைத்திய முடிவு டொக்டரோடும் அப்பாவோடும்தான்.

பெரியம்மா சொல்வதை முதலில் முடித்துவிடுவோம். வெளியில் வைத்து அடிப்பது லேசரே இல்லை, அதிர்வலை. 1980இல் ஜேர்மனியின் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். இன்றைக்கும் நல்ல வைத்தியம்தான், வெட்டும் இல்லை, குழாயும் இல்லை. ஆனால் அது கல்லை உடைத்துவிடும், எடுக்காது. துண்டுகள் தாங்களாகவே வெளியில் வரவேண்டும். அப்பாவின் கல் கீழ்க் கிண்ணத்தில் இருக்கிறது, அங்கிருந்து துண்டுகள் மேலே ஏறித்தான் வெளியேற வேண்டும். அதோடு அந்த 1150 என்ற எண் கல்லின் அடர்த்தி. ஆயிரத்துக்கு மேலே போனால் அதிர்வலைக்கு லேசில் உடையாது. இரண்டும் சேர்ந்து இருப்பதால் உங்கள் டொக்டர் அதை விட்டது சரியாகத்தான் படுகிறது. பெரியம்மாவிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள், அங்கே கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இனி லேசர். கண்ணால் காண முடியாத அகச்சிவப்பு ஒளி, மெல்லிய கண்ணாடி இழை வழியாகக் கல்லுக்குப் போகிறது. நாங்கள் திரையில் காண்கிற பச்சைப் புள்ளியோ சிவப்புப் புள்ளியோ வெறும் குறி காட்டுகிற வெளிச்சம். ஹோல்மியத்தின் அலைநீளம் ஏறத்தாழ 2100 நனோமீற்றர், தூலியம் ஃபைபரினது 1940. எண்ணில் சின்ன வித்தியாசம் மாதிரித்தான் தெரியும். ஆனால் 1940ஐத் தண்ணீர் சுமார் நான்கு மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது. கல்லைச் சுற்றியும் தண்ணீர், கல்லின் நுண்துளைக்குள்ளும் தண்ணீர். அதனால் தூலியம் குறைந்த சக்தியிலேயே கல்லின் மேற்பரப்பைச் சுரண்டித் தூளாக்கிவிடும். ஒரு துடிப்புக்குச் சக்தி குறைவு, துடிப்புகளோ செக்கனுக்கு நூற்றுக்கணக்கில் போகும். ஹோல்மியம் அப்படி இல்லை, ஒவ்வொரு அடியும் கனம். கல் வெடிக்கும், சிலவேளை துள்ளி அடுத்த கிண்ணத்துக்குள் ஓடிவிடும். டொக்டர் பிறகு அதைத் தேடிப் போகவேண்டும். அடி குறைத்து வேகம் கூட்டினால் ஹோல்மியத்தாலும் தூளாக்கலாம். கொழும்பில் சொன்னதுபோல அது தூலியத்துக்கு மட்டும் உரிய வித்தை இல்லை.

நான் கிட்ட நின்று கண்ட பெரிய வித்தியாசம் ஃபைபரின் தடிப்பில்தான். வளையும் குழாய்க்குள் ஒரே ஒரு வழிதான் இருக்கும், குறுக்களவு 1.2 மில்லிமீற்றர் அளவு. ஃபைபரும் அதற்குள்ளால்தான் போகவேண்டும், கழுவுகிற சேலைனும் அதற்குள்ளால்தான் போகவேண்டும். ஹோல்மியத்துக்கு ஃபைபர் 200 மைக்ரோனுக்குக் கீழே போவது கஷ்டம், 272, 365 என்றும் இருக்கும். தூலியத்துக்கு 150 போதும். மெல்லிசு என்றால் குழாய் கூட வளையும், தண்ணீரும் கூடப் போகும். கீழ்க் கிண்ணத்துக்குக் குழாயை நன்றாக மடக்க வேண்டியிருப்பதால் அப்பாவின் விசயத்தில் இது பெறுமதியான வித்தியாசம். ஆனாலும் நல்ல கைக்காரர்கள் கல் இருக்கிற இடத்திலேயே நின்று அடிக்கமாட்டார்கள். நிற்றினோல் கம்பியில் செய்த சின்னக் கூடையால் கல்லைப் பிடித்து, மேல்க் கிண்ணத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் லேசரைத் தொடங்குவார்கள். அங்கே குழாய் நேராக நிற்கும், தூளும் கீழே இறங்க வழி இருக்கும். 14 மில்லிமீற்றர் கல் அப்படியே கூடைக்குள் அகப்படாமல் இருந்தால் முதலில் இரண்டு மூன்றாக உடைத்துத்தான் நகர்த்துவார்கள்.

அந்த 14ஐயும் கொஞ்சம் யோசியுங்கள். 7 மில்லிமீற்றர் கல்லோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உருண்டையாக இருந்தால் உள்ளே இருக்கிற கல்லின் கனவளவு எட்டு மடங்கு. மட்டுவிலானுக்குச் செய்த நேரத்துக்குள் உங்கள் அப்பாவுக்கு முடியாது. சிறுநீர்க்கானில் இருக்கிற 8ம் சிறுநீரகத்தின் அடியில் இருக்கிற 14ம் வேறு வேறு வேலைகள், அவருக்குச் சுகமாகப் போனது என்பதை வைத்து உங்களுக்கும் அப்படித்தான் என்று எடுக்கவேண்டாம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். 2022இல் நோர்வேயில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. 120 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்த மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் தூலியம், மற்றப் பகுதிக்கு ஹோல்மியம். மூன்று மாதம் கழித்துப் பார்க்கையில் கல் இல்லாமல் இருந்தவர்கள் தூலியத்தில் 92 வீதம், ஹோல்மியத்தில் 67 வீதம். இதைத்தான் தூலியம் வைத்திருக்கிறவர்கள் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், சிறுநீர்க்கான் கல்லில் இரண்டும் 100 வீதம், ஒரு வித்தியாசமும் இல்லை. சிறுநீரகத்துக் கல்லில்தான் 86க்கு 49. இரத்தக் கசிவால் பார்வை மறைந்ததும் ஹோல்மியத்தில் கூட.

சரி, அப்படியென்றால் தூலியம்தான் என்று முடிவெடுக்க முதல் இன்னொன்றையும் கேளுங்கள். அந்த ஆய்வில் ஒப்பிட்டது சாதாரண, வலுக் குறைந்த ஹோல்மியம் மெசினோடு. இப்போது வருகிற உயர்வலு ஹோல்மியம் மெசின்களில் துடிப்பையே மாற்றி அமைத்திருக்கிறார்கள். முதல் துடிப்பு தண்ணீரில் குமிழி போட்டு வழி விலக்க, பின்னால் வருவது நேரே கல்லில் படும். மோசஸ் என்று 2017இல் வந்தது அப்படிப்பட்டதுதான். அதன் இரண்டாம் பதிப்பையும் தூலியத்தையும் அமெரிக்காவில் ஒப்பிட்டு 2023இல் வெளியிட்ட ஆய்வில், கல் நீங்குவதிலும் நேரத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை.

ஆகவே நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி, எந்த ஹோல்மியம் என்பதுதான். இங்கே சொன்ன டொக்டரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: மெசின் எத்தனை வாற், துடிப்பு மாற்றுகிற வசதி உண்டா, 14 மில்லிமீற்றர் கீழ்க் கிண்ணக் கல் எத்தனை செய்திருக்கிறீர்கள், ஒரே தடவையில் முடியுமா. கொழும்பிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். நல்ல டொக்டர் இதற்குக் கோபிக்கமாட்டார், நான் வேலை செய்தவர்களில் கெட்டிக்காரர்கள் எல்லாரும் இதைக் கேட்கிற நோயாளியை விரும்பினார்கள்.

இன்னொன்று. தூலியம் குளிர்ச்சியானது என்று சிலர் சொல்வார்கள். அது பிழையான கதை. சக்தியையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது வாற். அரை ஜூலை 40 தரம் அடித்தால் 20 வாற். எந்த லேசராய் இருந்தாலும் 20 வாற் என்றால் 20 வாற் சூடுதான் உள்ளே போகிறது. சேலைன் ஓடாமல் நின்றால் தண்ணீர் கெதியாகச் சூடேறும், 43 பாகைக்கு மேலே நின்றால் தசைக்குக் கெடுதி. அதனால்தான் தியேட்டரில் என் ஒரு கண் எப்போதும் சேலைன் பையில் இருக்கும். தூலியத்தால் தூள் பறக்கத் தொடங்கினால் திரை முழுக்க, கோடையில் செம்மண் ஒழுங்கையால் உழவு இயந்திரம் போன மாதிரி, ஒன்றும் தெரியாது. அனுபவம் இல்லாதவர் அடித்துக்கொண்டே இருப்பார். அனுபவம் உள்ளவர் காலை மிதியில் இருந்து எடுத்து, தண்ணீர் தெளியும்வரை பொறுத்திருப்பார். அந்தப் பொறுமைக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

ஒபரேசனுக்கு முதல் சலம் கல்ச்சர், அதாவது சலத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற சோதனை, கட்டாயம். அப்பாவுக்கு நீரிழிவு இருக்கிறபடியால் இன்னும் கட்டாயம். கல்லுக்குள்ளேயே கிருமி ஒளிந்திருக்கும், உடைக்கும்போது தண்ணீர் அழுத்தத்தோடு இரத்தத்துக்குள் ஏறும். இந்த வைத்தியத்தில் நான் உண்மையில் பயந்தது இது ஒன்றுக்குத்தான். அஸ்பிரினை நீங்களாக நிறுத்தவேண்டாம், குடிக்கிறார் என்று சொல்லுங்கள். இந்த முறையில் பெரும்பாலும் அதை வைத்துக்கொண்டே செய்யலாம், முடிவை அவர்கள் எடுக்கட்டும்.


கைதடியூரான்:

மிஸ் சொல்வது எல்லாம் சரி, ஆனால் கல் ஏன் வருகிறது என்று ஒருவரும் கதைக்கவில்லையே. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்துப் பாருங்கள், ஒரு மாதத்தில் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறது. சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர். அதுதான் கிட்னியிலும் படிகிறது என்று என் அப்பு சொல்வார். தேங்காய்ப்பூக்கீரை அவித்துக் குடித்தால் கல் கரையும், நெருஞ்சிமுள்ளும் சேர்க்கலாம். 14 மில்லிமீற்றர் எல்லாம் அதற்குப் பெரிய காரியம் இல்லை. லேசருக்குப் போகமுதல் மூன்று மாதம் குடித்துப் பார்க்கட்டும்.


வடலி (உரும்பிராய்):

கைதடியூரான், தேங்காய்ப்பூக்கீரைத் தண்ணீர் எங்கள் வீட்டிலும் அவித்துக் குடித்ததுதான், அதற்கு நான் எதிரி இல்லை. அதைக் குடிக்கிறவர் கூடத் தண்ணீர் குடிக்கிறார், கூடச் சலம் போகிறார், சின்னக் கல் இறங்கிவிடுகிறது. ஆனால் 14 மில்லிமீற்றர் கல் சிறுநீர்க்கானுக்குள்ளேயே போகாது. மருந்தால் உண்மையாகக் கரைக்கக்கூடியது யூரிக் அமிலக் கல். அது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கானில் அடர்த்தி எண் ஐந்நூறுக்குக் கீழே இருக்கும். பொட்டாசியம் சிற்றேற் கொடுத்துச் சலத்தின் புளிப்பைக் குறைத்தால் அந்தக் கல் கரையும். 1150 என்பது அந்த வகை இல்லை, பெரும்பாலும் கல்சியம் ஒக்சலேற்று. மூன்று மாதம் பார்த்துக்கொண்டு இருக்கிறபோது கல் நகர்ந்து வழியை அடைத்துவிட்டால், அதோடு காய்ச்சலும் சேர்ந்துவிட்டால், பிறகு இரவோடு இரவாக ஆஸ்பத்திரிதான். சித்த வைத்தியம் செய்ய விரும்பினால் கைதடி ஆஸ்பத்திரியில் வைத்தியரிடமே போங்கள், சி.ரி. ரிப்போட்டையும் கையில் கொண்டுபோங்கள். அவர்களும் அளவு பார்த்துத்தான் சொல்வார்கள்.

அதோடு ஒரு எச்சரிக்கை. கல் கரையும், கொழுப்புக் குறையும் என்று பிலிம்பிக்காய்ச் சாறு வெறுமனே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒக்சலேற்று மிகக் கூட. அதைக் குடித்துச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தவர்களைப் பற்றி இலங்கையிலும் கேரளாவிலும் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒருவரும் அதைக் கொடுக்கவேண்டாம்.

கிணற்றுத் தண்ணீர் விசயம்: கேத்திலில் படிகிறது காபனேற்று, சூட்டால் படிகிறது. கிட்னியில் வளர்கிறது வேறு. சாப்பாட்டோடு போகிற கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும், அதனால்தான் கல் வந்தவரைப் பால் குடிக்கவேண்டாம் என்று நாங்கள் இப்போது சொல்வதில்லை. தண்ணீரின் கடினத்தால்தான் கல் வந்தது என்று நேராகச் சொல்ல முடியாது. தண்ணீரைக் குடியாமல் விட்டதால் வந்தது என்று சொல்லலாம். எங்கள் தோட்டக்காரர் விடியப் பிளேன்ரீ குடித்துவிட்டு இறங்கினால் உச்சி வெய்யிலுக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டார்கள். வேர்வையாக எல்லாம் போய், சலம் மஞ்சளாய்க் கட்டியாய்ப் போகும். அங்கேதான் கல் பிடிக்கத் தொடங்குகிறது. அதற்கு மேலே கருவாட்டு உப்பும் ஊறுகாயும். உப்புக் கூடினால் சலத்தில் கல்சியமும் கூடும்.


செம்மண் (கோண்டாவில்):

மிஸ், நீங்கள் சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டே போனேன். இங்கே டொக்டர் வடிவாக இருத்திக் கதைத்தார். அவர் செய்கிற இடத்தில் இருப்பது உயர்வலு ஹோல்மியம், துடிப்பு மாற்றுகிற வசதி உண்டு என்றார். கல்லை மேலே நகர்த்தி வைத்துத்தான் உடைப்பேன் என்று நான் கேட்கமுதல் அவரே சொன்னார். முதுகால் துளை போட்டு எடுப்பதையும் சொன்னார், ஆனால் அது 20 மில்லிமீற்றருக்கு மேலே என்றால்தான் முதல் தெரிவு, இதற்குத் தேவை வந்தால் மட்டும் யோசிக்கலாம் என்றார். சலம் கல்ச்சரில் கிருமி வந்துவிட்டது. மருந்து முடித்து, திரும்பவும் சலம் பார்த்த பிறகுதான் திகதி தருவேன் என்கிறார்.

அப்பா பிந்துது பிந்துது என்று கத்துகிறார், அடுத்த போகத்துக்கு நிலம் பண்படுத்த வேணுமாம்.

இரண்டு சந்தேகம். முதல் நாளே குழாய் போகாவிட்டால் ஸ்ரென்ட் மட்டும் வைத்து அனுப்பிவிடுவேன் என்றார். அப்படியும் நடக்குமா? பிறகு, கல் தூளாய்ப் போய்விட்டால் என்ன கல் என்று எப்படிப் பார்ப்பது?


வடலி (உரும்பிராய்):

தம்பி, கல்ச்சர் பார்த்துப் பொறுத்திருக்கிற டொக்டர் கிடைத்திருக்கிறார். அவரை விட்டுவிடாதீர்கள். இனிக் கொழும்புக்குப் போய் அந்தக் காசைக் கொட்டத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். சாதாரண 30 வாற் ஹோல்மியம் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தூலியத்துக்குப் போகச் சொல்லியிருப்பேன், இந்தக் கல்லுக்கு, இந்த இடத்துக்கு.

முதல் நாள் குழாய் போகாமல் இருப்பது நடக்கிற காரியம்தான். சிறுநீர்க்கான் ஒருவருக்கு ஒருவர் அகலம் வித்தியாசம். சிலருக்கு இறுக்கமாக இருக்கும். பலவந்தமாகத் தள்ளினால் கிழியும், பிறகு அந்த இடம் சுருங்கி வாழ்நாள் முழுக்க உபத்திரவம். ஸ்ரென்ட் வைத்து ஒன்று இரண்டு கிழமை விட்டால் வழி தானாக விரிந்து கொடுக்கும், இரண்டாம் தடவை சுகமாகப் போகும். அதைத் தோல்வி என்று அப்பா நினைக்காமல் இருக்க முதலே சொல்லி வையுங்கள்.

கல்லை ஆராய முழுக் கல் தேவையில்லை. கூடையால் எடுக்கிற ஒரு சின்னத் துண்டு போதும். துண்டு எடுத்து அனுப்பச் சொல்லி ஒபரேசனுக்கு முதல் நாளே டொக்டரிடம் கேட்டு வையுங்கள், அன்றைக்குத் தியேட்டர் வாசலில் நின்று கேட்டால் அவசரத்தில் விடுபட்டுவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் சலத்தை வடித்துப் பாருங்கள், தேத்தண்ணி வடி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கினால் போதும். வருகிற துண்டைக் காயவைத்து எடுத்துக்கொண்டு போங்கள். கபில நிறத்தில் வழுவழுப்பாய் இருந்தால் ஒரு வகை, மஞ்சளாய் முள்ளுமுள்ளாய் இருந்தால் இன்னொரு வகை, ஆனால் நிறம் பார்த்து முடிவெடுக்காமல் ஆய்வுகூடத்துக்கே கொடுங்கள்.

ஸ்ரென்ட் பற்றி மட்டுவிலான் சொன்னது அவ்வளவும் உண்மை. சலம் போகும்போது நாரிக்கு ஏறும், வேலை செய்தால் சலம் சிவக்கும். தண்ணீர் கூடக் குடித்தால் தெளியும். அதே தம்சுலோசின் குளிசையைக் கேட்டு வாங்குங்கள், அந்தக் கரைச்சல் குறையும். பயப்படவேண்டியது வேறு: குளிரோடு காய்ச்சல், கட்டி கட்டியாக இரத்தம், சலமே போகாமல் விடுவது. இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்கவேண்டாம், எந்த நேரம் என்றாலும் கொண்டுபோங்கள். குளிர்ந்து நடுங்குகிறது என்றால் பனடோல் கொடுத்துப் படுக்கப் போடக்கூடாது.

அப்பாவைத் தோட்டத்தில் இருந்து பிடித்து வைக்கிறது கஷ்டம் என்று விளங்குகிறது. நிலம் பண்படுத்த ஆள் பிடியுங்கள், ஸ்ரென்ட் உள்ளே இருக்கும்வரை மண்வெட்டி வேண்டாம். அதன் பிறகு வேலைக்குப் போகலாம், ஆனால் இரண்டு லீற்றர் போத்தல் ஒன்று வரம்பில் நிற்கவேண்டும், மத்தியானத்துக்குள் முடியவேண்டும். பின்னேரம் இன்னொரு லீற்றர். சலம் வெளிறின நிறத்தில் போனால் காணும். தேசிக்காய் பிழிந்து விடலாம், அதில் இருக்கிற சிற்றேற் கல் கட்டுவதைக் குறைக்கும். நீரிழிவு இருக்கிறபடியால் சீனி போடவேண்டாம், உப்பும் போடவேண்டாம்.


செம்மண் (கோண்டாவில்):

நன்றி மிஸ், எல்லாருக்கும் நன்றி. பெரியம்மாவிடம் அந்த 1150ஐச் சொன்னேன், அங்கே தன்னுடைய டொக்டரிடம் கேட்டுவிட்டு, சரி இங்கேயே செய்யுங்கோ என்று காசு கொஞ்சமும் அனுப்பியிருக்கிறா.


வடலி (உரும்பிராய்):

நல்லது. ஒன்றை மட்டும் எழுத மறந்துவிட்டேன். ஸ்ரென்ட் வைத்த திகதியையும் எடுக்கவேண்டிய திகதியையும் டிஸ்சார்ஜ் காட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். சுகம் வந்தவுடன் எடுக்க வராமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் விட்டால் ஸ்ரென்டைச் சுற்றியே கல் கட்டி, அதை எடுப்பது இந்த ஒபரேசனைவிடப் பெரிய வேலையாகிவிடும். அப்பாவின் ஃபோனிலும் உங்கள் ஃபோனிலும் அந்தத் திகதிக்கு அலாரம் போட்டு வையுங்கள். காட்டைக் கொப்பி எடுத்துக் கலண்டரில் குத்திவிடுங்கள்.